பழைய விண்டோஸ் அப்டேட்களை நீக்கி இடம் பிடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சி டிரைவ் சிவப்பாகிவிட்டது, படங்களையும் வீடியோக்களையும் வேறு இடத்துக்கு மாற்றியாகிவிட்டது, அப்படியும் இடம் போதவில்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்காக எழுதியது இது. பெரும்பகுதி விண்டோஸ் 10, 11 பற்றியது. லினக்ஸ், மேக், போன் பற்றிக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

அப்டேட் போட்டு முடித்த பிறகும் பழையது ஏன் டிஸ்கில் கிடக்கிறது?

திரும்பிப் போக வழி வேண்டும் என்பதற்காக. ஒரு அப்டேட் வந்து பிரின்டர் வேலை செய்யாமல் போனால், அந்த அப்டேட்டை அன்இன்ஸ்டால் செய்வீர்கள். அப்போது பழைய கோப்பு எங்காவது இருந்தால்தானே விண்டோஸ் அதை எடுத்துத் திரும்ப வைக்க முடியும்? அதனால் மாற்றப்பட்ட ஒவ்வொரு பாகத்தின் முந்தைய பதிப்பையும் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஃபோல்டரில் வைத்துக்கொள்கிறது. இதற்குக் காம்போனென்ட் ஸ்டோர் என்றும் பெயர்.

இதைத் தவிர இன்னும் மூன்று இடங்களில் மிச்சங்கள் சேரும். அப்டேட்கள் முதலில் வந்து இறங்கும் சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன் ஃபோல்டர் ஒன்று. பெரிய பதிப்பு மாற்றத்துக்குப் பின் சி டிரைவின் வாசலிலேயே உட்கார்ந்திருக்கும் விண்டோஸ்.ஓல்ட் இரண்டாவது. மூன்றாவது, மற்ற கணினிகளுடன் அப்டேட்டைப் பகிர்ந்துகொள்ள வைத்திருக்கும் டெலிவரி ஆப்டிமைசேஷன் கோப்புகள்.

வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரின் அளவைப் பார்த்தால் பயமாக இருக்கிறதே?

அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அதில் இருக்கும் கோப்புகளில் பெரும்பாலானவை ஹார்ட் லிங்க் வழியாக சிஸ்டம்32 போன்ற மற்ற ஃபோல்டர்களிலும் தெரியும். வீட்டில் ஒரு செல்லப்பெயர், பள்ளியில் ஒரு பெயர் என்று ஒருவருக்கு இரண்டு பெயர் இருப்பதைப் போல. பெயர் இரண்டு, ஆள் ஒன்று. எக்ஸ்ப்ளோரர் ஒவ்வொரு பெயரையும் தனித்தனி ஆளாக எண்ணிக் கூட்டிவிடும்.

உண்மையான கணக்கு வேண்டுமென்றால் விண்டோஸையே கேட்கலாம். அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையுடன் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, விண்டோஸோடு வரும் பராமரிப்புக் கருவியான டிஸ்மை ஓட்ட வேண்டும். முதலில் டிஸ்ம் என்ற பெயர். அதன் பின் சாய்கோடு போட்டு ஆன்லைன், சாய்கோடு போட்டு கிளீனப்-இமேஜ், சாய்கோடு போட்டு அனலைஸ்காம்போனென்ட்ஸ்டோர். ஒவ்வொரு சாய்கோட்டுக்கும் முன்னால் ஒரு இடைவெளி வேண்டும். கிளீனப், இமேஜ் இரண்டுக்கும் நடுவில் மட்டும் சிறுகோடு; கடைசிச் சொல் இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக.

சில நிமிடங்களில் ஒரு பட்டியல் வரும். எடுத்துக்காட்டுக்கு, எக்ஸ்ப்ளோரர் சொல்லும் அளவு 9 ஜிபி, உண்மை அளவு 8.7 ஜிபி, அதில் விண்டோஸுடன் பகிர்ந்துகொண்டது 6 ஜிபி என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பகிர்ந்துகொண்ட அந்த 6 ஜிபிதான் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸே. அதில் கை வைக்க முடியாது. பேக்கப், முடக்கிய வசதிகள், தற்காலிகத் தரவு என்று கீழே வரும் மீதி 2.7 ஜிபிதான் நாம் பேசும் விஷயம். அதிலும் ஒரு பகுதிதான் கைக்கு வரும்.

அதே பட்டியலின் கடைசி வரியில் சுத்தம் செய்வது பரிந்துரைக்கப்படுகிறதா என்பதற்கு யெஸ் அல்லது நோ என்று பதில் இருக்கும். நோ என்று வந்தால் அந்தப் பக்கம் விட்டுவிட்டு வேறு இடத்தில் தேடுங்கள். இந்த ஒரு வரியைப் பார்க்காமல் மணிக்கணக்கில் வின்எஸ்எக்ஸ்எஸ்ஸோடு மல்லுக்கட்டுகிறவர்கள் நிறைய.

சரி, ஆபத்து இல்லாத எளிய வழி எது?

செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், அதில் டெம்பரரி ஃபைல்ஸ். கொஞ்சம் பொறுத்தால் நீக்கக்கூடியவை அளவோடு வரிசையாக வரும். விண்டோஸ் அப்டேட் கிளீனப் என்பதை டிக் செய்து ரிமூவ் கொடுத்தால் போதும்.

பழைய டிஸ்க் கிளீனப் பிடித்தவர்கள் அதையே பயன்படுத்தலாம், இன்னும் இருக்கிறது. ஆனால் அதைத் திறந்தவுடன் வரும் முதல் பட்டியலில் அப்டேட் வரியே இருக்காது. கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ் என்ற பொத்தானை அழுத்தி, மறுபடி டிரைவைத் தேர்ந்தெடுத்தால்தான் அது வரும். "எனக்கு அந்த ஆப்ஷனே இல்லை" என்று சொல்பவர்களில் பாதிப் பேர் இந்தப் பொத்தானை அழுத்தாதவர்கள்தான். மீதிப் பேருக்கு நீக்க எதுவும் இல்லாததால் வரி தெரியாமல் இருக்கும்.

விண்டோஸ் 7 இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், இந்த வரி அதில் பிறவியிலேயே கிடையாது. 2013 அக்டோபரில் வந்த கேபி2852386 என்ற அப்டேட்டை, சர்வீஸ் பேக் 1-க்கு மேல், போட்டிருந்தால்தான் வரும். அதிலும் கடைசிக்கட்டச் சுத்தம் ரீஸ்டார்ட் ஆகும்போதுதான் நடக்கும், நேரமும் பிடிக்கும்.

பட்டியலில் எல்லாவற்றையும் டிக் செய்துவிடலாமா?

கூடாது. ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டு டிக் செய்யுங்கள்.

கவலையில்லாமல் நீக்கக்கூடியவை: டெலிவரி ஆப்டிமைசேஷன் ஃபைல்ஸ், தம்ப்நெயில்கள், டைரக்ட்எக்ஸ் ஷேடர் கேஷ். கடைசி இரண்டும் திரும்பத் தானே உருவாகும் என்பதால் அடிக்கடி நீக்குவதில் பயன் இல்லை.

யோசித்து நீக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பிரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டாலேஷன். இதுதான் விண்டோஸ்.ஓல்ட், கீழே தனியாகச் சொல்கிறேன். இன்னொன்று, டிவைஸ் டிரைவர் பேக்கேஜஸ். பழைய டிரைவர் போய்விட்டால், புதிய டிரைவர் தகராறு செய்யும்போது ரோல் பேக் செய்ய முடியாது.

தொடாமல் விடுவது நல்லது என்று நான் சொல்வது விண்டோஸ் இஎஸ்டி இன்ஸ்டாலேஷன் ஃபைல்ஸ். கணினியை ரீசெட் செய்ய வேண்டி வந்தால் இது உதவும்.

அப்புறம் டவுன்லோட்ஸ். செட்டிங்ஸ் பட்டியலில் இந்த ஃபோல்டரும் ஒரு வரியாக இருக்கும். 2018-இல் வந்த 1809 பதிப்பில் இதை டிஸ்க் கிளீனப் பட்டியலிலும் சேர்த்தார்கள். எல்லாவற்றையும் டிக் செய்து பழகியவர்கள் தாங்கள் சேமித்து வைத்த ஆவணங்களையே இழந்தார்கள். பிறகு 2004 என்ற எண் கொண்ட பதிப்பில் (ஆண்டு அல்ல) டிஸ்க் கிளீனப்பிலிருந்து அந்த வரி எடுக்கப்பட்டது. செட்டிங்ஸ் பட்டியலில் இன்னும் இருக்கிறது, கவனம்.

அப்டேட் போட்ட உடனே சுத்தம் செய்யலாமா?

நான் குறைந்தது இரண்டு வாரம் விடுவேன். காரணம் எளிது. நீங்கள் நீக்குவது குப்பையை அல்ல, திரும்பிப் போகும் வழியை. புது அப்டேட்டில் பிரச்சினை இருந்தால் அது பெரும்பாலும் முதல் சில நாட்களில் தெரிந்துவிடும். பிரின்டர், ஸ்கேனர், வைஃபை, தினமும் திறக்கும் மென்பொருள் எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஸ்லீப் போய் ஒழுங்காக எழுகிறதா என்றும் பாருங்கள், அங்கேதான் பல கோளாறுகள் ஒளிந்திருக்கும்.

விண்டோஸுமே இப்படித்தான் செய்கிறது. டாஸ்க் ஷெட்யூலரில் சர்வீசிங் என்ற பகுதியில் ஸ்டார்ட்காம்போனென்ட்கிளீனப் என்று ஒரு வேலை இருக்கிறது. ஒரு பாகத்தின் புதிய பதிப்பு வந்து குறைந்தது 30 நாள் ஆன பிறகுதான் அது பழையதை நீக்கும். ஒரு முறைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் ஓடாது. கணினியை வேலை முடிந்ததும் அடித்துப் பிடித்து ஆஃப் செய்யாமல் அவ்வப்போது சும்மா ஓடவிட்டால் இந்த வேலை தானாக நடந்துவிடும்.

விண்டோஸ்.ஓல்ட் 20 ஜிபிக்கு மேல் இருக்கிறது. நீக்கலாமா?

ஒரு பெரிய பதிப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, பழைய விண்டோஸ் முழுவதையும் மடித்து வைக்கும் பெட்டி இது. ரெக்கவரி பக்கத்தில் கோ பேக் என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அது இந்த ஃபோல்டரை நம்பித்தான் இருக்கிறது. வழக்கமாக 10 நாள் கழித்து விண்டோஸ் தானே இதை நீக்கிவிடும். ஆகவே அவசரம் இல்லையென்றால் சும்மா இருப்பதே போதும். 10 நாள் போதாது என்பவர்கள் டிஸ்ம் கருவியின் செட்-ஓஎஸ்அன்இன்ஸ்டால்விண்டோ என்ற ஆணையால் 60 நாள் வரை நீட்டிக்கலாம். ஆனால் முதல் 10 நாட்களுக்குள்ளேயே அதைச் செய்துவிட வேண்டும்.

நீக்குவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். விண்டோஸ்.ஓல்டுக்குள் யூசர்ஸ் என்ற ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். சாதாரண அப்கிரேடில் உங்கள் கோப்புகள் புதிய விண்டோஸுக்குப் போயிருக்கும். ஆனால் டிரைவை ஃபார்மட் செய்யாமல் அதன் மேலேயே புதிதாக விண்டோஸ் நிறுவியிருந்தால், உங்கள் பழைய டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், படங்கள் எல்லாம் இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கும். கடையில் கொடுத்து "விண்டோஸ் போட்டு" வாங்கி வந்தவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

எக்ஸ்ப்ளோரரில் போய் டிலீட் அழுத்தினால் அனுமதி இல்லை என்று அடம்பிடிக்கும். டெம்பரரி ஃபைல்ஸ் பட்டியல் வழியாகவே நீக்குங்கள். உங்களிடம் விண்டோஸ்.ஓல்ட் இல்லவே இல்லை என்றாலும் ஆச்சரியப்பட வேண்டாம். 22எச்2-இலிருந்து 23எச்2, 24எச்2-இலிருந்து 25எச்2 போன்ற விண்டோஸ் 11 பதிப்பு மாற்றங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கும் வசதிகளைத் திறந்துவிடும் சின்னப் பொதிகளாகவே வந்தன. அவற்றில் மடித்து வைக்க எதுவும் இல்லை.

டிஸ்ம் வழியாகவே சுத்தம் செய்தால் கூடுதல் பலன் உண்டா?

கொஞ்சம் உண்டு. மேலே சொன்ன ஆணையில் கடைசிச் சொல்லை மட்டும் மாற்றி ஸ்டார்ட்காம்போனென்ட்கிளீனப் என்று போட வேண்டும். தானாக ஓடும் வேலைக்கு இருக்கும் 30 நாள் காத்திருப்பும் 1 மணி நேர வரம்பும் இதற்குக் கிடையாது. உடனே, முழுமையாகச் செய்யும்.

இதன் பின்னால் ரீசெட்பேஸ் என்று இன்னொரு சொல்லைச் சேர்க்கச் சொல்லிப் பலர் எழுதுகிறார்கள். சேர்த்தால் இடம் இன்னும் கொஞ்சம் கிடைக்கலாம். விலை என்னவென்றால், அதுவரை போட்ட எந்த அப்டேட்டையும் அதன் பிறகு அன்இன்ஸ்டால் செய்ய முடியாது. புதிதாக விண்டோஸ் போட்டு, எல்லா அப்டேட்டையும் ஏற்றி, அதை அப்படியே இமேஜ் எடுத்து வைக்கும் ஒருவருக்கு இது சரியான கருவி. தினமும் வேலை செய்யும் ஒரே கணினியில் சில நூறு எம்பிக்காக இதைச் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

வின்எஸ்எக்ஸ்எஸ்ஸுக்குள் போய் நானே பழைய ஃபோல்டர்களை நீக்கினால்?

நான் செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன், பழைய லேப்டாப் ஒன்றில். ஃபோல்டரின் உரிமையை என் பெயருக்கு மாற்றி, தேதி பார்த்து, பழையதாகத் தெரிந்ததையெல்லாம் தூக்கினேன். 3 ஜிபி மிச்சம் என்று காட்டியது, சந்தோஷமாக இருந்தது. மறுநாள் ஆன் ஆகவில்லை. தேதி பழையது என்பதால் கோப்பு பயன்பாட்டில் இல்லை என்று அர்த்தம் இல்லை. பல வருடங்களாக மாற்றமே தேவைப்படாத பாகம்தான் பழைய தேதியோடு இருக்கும், இன்றைக்கும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கும். எதை எது நம்பியிருக்கிறது என்ற பதிவு விண்டோஸிடம் மட்டும்தான் இருக்கிறது, என் கண்ணுக்குத் தெரிந்ததோ பெயரும் தேதியும்தான்.

ஆன் ஆனாலும் பிழைத்தோம் என்று சொல்ல முடியாது. ஒரு பாகம் காணாமல் போனால் அடுத்தடுத்த மாத அப்டேட்கள் ஏறாமல் நிற்கலாம்.

விண்டோஸுக்குள் இருக்கும் இன்ஸ்டாலர் ஃபோல்டருக்கும் இதே கதைதான். பல ஜிபி அளவில் புரியாத எண்களும் எழுத்துகளுமாகக் கோப்புகள் இருக்கும். அவை நீங்கள் நிறுவிய மென்பொருட்களைச் சரிசெய்ய, அப்டேட் செய்ய, நீக்கத் தேவைப்படுபவை. அவற்றை நீக்கினால் அன்றைக்கு எதுவும் தெரியாது. ஆறு மாதம் கழித்து ஒரு மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்யப் போகும்போது, மூலக்கோப்பு எங்கே என்று கேட்டு நிற்கும்.

சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன் ஃபோல்டரை நீக்கலாம் என்கிறார்களே?

அதற்குள் இருக்கும் டவுன்லோட் என்ற உள்ஃபோல்டரைக் காலி செய்யலாம். கையால் நீக்கச் சொல்வது இந்த ஒரு இடத்தை மட்டும்தான். சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் அப்டேட் சேவையை நிறுத்தி, உள்ளே இருப்பதை நீக்கி, சேவையைத் திரும்பத் தொடங்க வேண்டும். அப்டேட் பாதியில் இருக்கும்போதோ, ரீஸ்டார்ட் கேட்டுக் காத்திருக்கும்போதோ செய்யாதீர்கள். பக்கத்தில் இருக்கும் டேட்டாஸ்டோரை விட்டுவிடுங்கள், அதை நீக்கினால் செட்டிங்ஸில் தெரியும் அப்டேட் வரலாறு மறைந்துவிடும்.

சுத்தம் ஒரு மணி நேரமாக ஓடுகிறது. நிறுத்திவிடலாமா?

வேண்டாம். சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் இது இயல்பு. நீக்குவதோடு பாகங்களின் கணக்கையும் அது திருத்தி எழுத வேண்டும். டிஸ்ம் ஒரு சதவீதத்திலேயே நெடுநேரம் நின்று, பிறகு சட்டென்று தாவும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் அசைவு இருக்கிறதா பாருங்கள், இருந்தால் வேலை நடக்கிறது. லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகிவிட்டுத் தொடங்குங்கள்.

நீக்கிய பிறகும் அதே அளவு திரும்பத் தெரிகிறது, ஏன்?

முதலில் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். சில நேரம் காட்டும் எண்ணிலேயே தவறு இருக்கும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்த புதிதில், 2024-இல், எத்தனை முறை நீக்கினாலும் சுமார் 8.63 ஜிபி மிச்சம் இருப்பதாகப் பலருக்குக் காட்டிக்கொண்டே இருந்தது. அது கணக்குக் காட்டுவதில் உள்ள பிழைதான், இடம் உண்மையில் விடுவிக்கப்பட்டுவிட்டது என்று மைக்ரோசாஃப்ட் விளக்கியது. சந்தேகம் வந்தால், சுத்தத்துக்கு முன்னும் பின்னும் டிரைவின் காலி இடத்தைக் குறித்து வைத்து ஒப்பிடுங்கள்.

எல்லாம் செய்தும் இடம் வரவில்லை. வேறு எங்கே போயிருக்கும்?

கண்ணுக்குத் தெரியாத ஹைபர்ஃபில் கோப்பைப் பாருங்கள். ஹைபர்னேட் செய்யும்போது நினைவகத்தில் இருப்பதை எழுதி வைக்கும் கோப்பு அது, வழக்கமாக ரேம் அளவில் 40 சதவீதம் இருக்கும். 16 ஜிபி ரேம் என்றால் 6 ஜிபிக்கு மேல். ஹைபர்னேட் தேவையில்லை என்றால் பவர்சிஎஃப்ஜி கருவியால் அதை அணைக்கலாம், கூடவே ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் போய்விடும். சின்ன டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு, அப்டேட் மிச்சங்களைத் துருவுவதைவிட இது ஒரே அடியில் கூடுதல் இடம் தரும்.

ரிஸ்டோர் பாயின்ட்களும் இடம் பிடிக்கும். டிஸ்க் கிளீனப்பின் மோர் ஆப்ஷன்ஸ் பக்கத்தில், கடைசி ஒன்றைத் தவிர மற்றவற்றை நீக்கலாம். ரிசர்வ்டு ஸ்டோரேஜ் என்று ஏறக்குறைய 7 ஜிபி தெரிந்தால் அதை விட்டுவிடுங்கள். 2019-இல் 1903 பதிப்போடு வந்த ஏற்பாடு அது. அடுத்த அப்டேட்டுக்கு இடமில்லாமல் தவிக்காமல் இருக்க விண்டோஸ் ஒதுக்கி வைத்திருப்பது.

ஒரே கிளிக்கில் எல்லாம் சுத்தம் செய்யும் மென்பொருள் போடலாமா?

அப்டேட் மிச்சங்களைப் பொறுத்தவரை தேவையில்லை. ஒழுங்கான மென்பொருள் என்றால் விண்டோஸின் கருவியையே பின்னால் கூப்பிடும். ஒழுங்கற்றது என்றால் நான் அந்த லேப்டாப்பில் செய்ததைச் செய்யும்.

லினக்ஸில் என்ன செய்வது?

அங்கே பெரும்பாலும் சிக்கல் பழைய கெர்னல்கள்தான், அதாவது லினக்ஸின் மையப் பகுதியின் பழைய பதிப்புகள். பூட் பார்ட்டிஷன் தனியாகவும் சின்னதாகவும் இருந்தால் நாலைந்து கெர்னலிலேயே நிரம்பி, அடுத்த அப்டேட் பாதியில் நின்றுவிடும். உபுண்டு, டெபியன் குடும்பத்தில் ஆப்ட் ஆட்டோரிமூவ் ஆணை இப்போது ஓடும் கெர்னலையும் புதியதையும் விட்டுவிட்டு மற்றதை நீக்கும். ஆப்ட் கிளீன் ஆணை இறக்கி வைத்த பொதிகளைக் காலி செய்யும். ஃபெடோராவில் மூன்று கெர்னலுக்கு மேல் சேராதபடி, அதன் மென்பொருள் நிறுவும் கருவியான டிஎன்எஃப்பே பார்த்துக்கொள்ளும். ஆட்டோரிமூவ் காட்டும் பட்டியலைப் படித்துவிட்டு ஒய் அழுத்துங்கள், வேண்டிய ஒன்றும் அதில் இருக்கலாம். பூட் ஃபோல்டரில் போய் கையால் மட்டும் நீக்காதீர்கள்.

மேக்?

சிஸ்டம் பகுதி 2020-இல் வந்த பிக் சர் முதல் முத்திரையிட்டுப் பூட்டப்பட்டது, அதில் நாம் நீக்க ஒன்றும் இல்லை. அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டரில் இன்ஸ்டால் மேக்ஓஎஸ் என்று தொடங்கும் கோப்பு கிடக்கிறதா பாருங்கள். கிடந்தால் நீக்கலாம், பல ஜிபி கிடைக்கும்.

போனில் இதுபோல ஏதாவது உண்டா?

ஏறிவிட்ட அப்டேட்டில் எதுவும் செய்ய முடியாது. இறக்கி வைத்து இன்னும் ஏற்றாத அப்டேட் ஐபோனில் இருந்தால், ஜெனரல் பகுதியில் ஐபோன் ஸ்டோரேஜ் பட்டியலில் அது தெரியும், அங்கேயே நீக்கலாம். தானாக இறக்கும் வசதியை அணைக்காவிட்டால் சில நாளில் திரும்ப வந்து உட்கார்ந்துவிடும்.